வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை இடுவோரும்

மனிதர் பலர் ஓரிடத்தே கூடுதல் எளிது. கூடியவர் ஒரு குழுவாய் நிலைபெறுதல் அரிது. சந்தையிலே ஆயிரவர் திரளுவர். மழை வந்தாற் கலைவர். அவரைக் குழு என்பார் இலர். ஒரு கருமத்தைத் தம்முடையதென்று மேற்கொண்டு, ஒருவர் குறையை மற்றொருவர் நிரப்பி, தம்மைக் கூட்டினவன் நீங்கிய பின்னும் பிரியாது நிற்பவரையே குழு என்னல் தகும். அத்தகைய குழுவை ஆக்கும் பொறுப்பு எம்போலும் உபாத்தியாயர் தலைமேல் ஆண்டுதோறும் வந்து விழுகின்றது. மாணவர் மன்றமாயினும் பெற்றார் சங்கமாயினும் சரசுவதி பூசையாயினும் எமது கையை எதிர்பார்த்தே நிற்கும். அங்ஙனம் பிறரை ஒருங்கு சேர்க்கப் புகுந்த ஒருவன் எவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்திலே மாசிமகத்தன்று ஐந்து இரதங்கள் வீதியில் எழுந்தருளுதலைக் கண்டோர் இதற்கு நூல் தேடி அலைய வேண்டுவதில்லை. தோட்டங்களினின்றும் இறங்கி வந்தோர், நகரத்து வணிகர், உத்தியோகத்தர், பாடசாலைப் பிள்ளைகள் என்னும் பலரும் வடத்தைப் பற்றுவர். அவருள் ஒருவன் தன் கையை எடுத்தாலும் தேர் நில்லாது. ஆயினும் ஒவ்வொருவனும் அவ்வாறு எண்ணிக் கையை எடுப்பானேல் தேர் நின்றேவிடும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்தவன் செருக்கும் கொள்ளான், சோம்பியும் இரான்.

வடம் பிடிப்போரை எல்லாரும் காண்பர். சக்கரத்தின் அருகே குனிந்து நிற்பவரை நோக்குவார் சிலரே. மரத்தேரைத் திருப்புதலும் நிறுத்துதலும் அவர் கையிலுள்ள முட்டுக்கட்டையாலே ஆவன. எம்மவரோ, ஒரு சபையிலே எவனேனும் மறுத்துப் பேசினால், "இவன் முட்டுக்கட்டை போடுகின்றான்" என்று வெறுத்துரைப்பர். தேரின் இயல்பறிந்தோர் அவ்வுவமையை வசையாக வழங்கியது வியப்பேயாம்! கட்டையில்லாத தேர் சரிவிலே இழுப்பவர்மேலேயே ஏறும். ஆதலால் மறுப்பவனைச் சபையினின்றும் அகற்றாது அவனுக்குரிய இடத்தை அளித்தல் குழுவை நடத்துவோன் கடன். வேண்டாதவிடத்தும் கட்டையை எடாது நிற்பவர் இலரோ எனின், உளர். அவரையும் வினவியறிதல் வேண்டுமேயன்றி ஊகித்துத் தள்ளலாகாது.

இனி, மனிதரைக் கூட்டுதற்கு வேறொரு வழியும் இம்மாத்தளை நாட்டிலே நெடுங்காலம் இருந்தது. கோப்பிக் காலத்திலே எம் முன்னோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாய் இங்கு வந்தனர். அவரைக் கூட்டிவந்த கங்காணி வழிச்செலவைக் கடனாக எழுதிவைத்தான். அக்கடன் தீரும்வரையில் "துண்டு" என்னும் சீட்டின்றி வேறு தோட்டத்திற்குச் செல்லல் அரிதாயிற்று. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. பெரட்டுக்களத்திலே வரிசையாய் நின்றவரும் ஒருங்கு கூடினவரே. குறித்த வேலையும் முடிந்தது. ஆயினும் அஃது எவருடைய கருமம்? அவரை வேண்டுமா என்று வினவினவர் யார்? வேலை முடிந்தது என்பதொன்றே குழு அமைந்தமைக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு காட்டும்.

இதனைக் கூறுமிடத்து என் பிழையையும் மறையேன். பல்லாண்டுகளின் முன் நான் படிப்பித்த பாடசாலையொன்றிலே மாணாக்கரைக் கொண்டு வாசிகசாலை ஒன்று அமைத்தேன். காரியதரிசி இவன் என்று நானே குறித்தேன், விதிகளை நானே எழுதினேன், பின்னர்ச் சபையைக் கூட்டி, "உங்கள் விருப்பம் யாது?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நோக்கிப் புன்முறுவல் செய்தனர். அச்சிரிப்பின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. நான் இடமாற்றம் பெற்றுச் சென்ற சில மாதங்களுள் அலுமாரி பூட்டியபடியே கிடந்தது எனக் கேள்வியுற்று அவர்மேற் குறைகூறினேன். உண்மையிலே நான் செய்தது கங்காணித்தனமே. என் கையிலே துண்டு இல்லாமையே வேறுபாடு. முன்னமே தீர்மானித்ததைத் தீர்மானித்தாயிற்று என்று சொல்லி ஏவுதல் கடுமையாயினும் நேர்மையுடைத்து. தீர்மானித்ததை ஒளித்து விருப்பம் கேட்டல் பிள்ளைகளுக்குப் பொய்யைக் கற்பித்தலாகும்.

நான் சிறுபிராயத்திலே கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிற் கற்றவன். அங்கே விவாத சங்கத்திற்குப் பொறுப்பாயிருந்த பாதிரியார், கூட்டம் நிகழுங்கால் பின்வாங்கிலே அமர்ந்து ஒருசொல்லும் பேசார். யாம் இடர்ப்பட்டு அவரைத் திரும்பி நோக்கினால் தாம் சாளரத்தை நோக்குவார். அக்காலத்தே அவரைச் சோம்பேறி என்றே எண்ணினோம். அவர் வாய் திறந்தது ஒருமுறையே. திக்குவாயுள்ள மாணாக்கன் பேசும்பொழுது நாங்கள் நகைத்தோம். அவர் எழுந்து வந்து அவனருகிலே நின்றார். எதிற் பேசாதிருத்தல், எதிற் பேசாதிருத்தல் குற்றம் என்பதை அவரிடமே கற்றேன். சமயபேதம் அதற்குத் தடையாகவில்லை.

இவற்றினும் முற்பட்டதொரு வினா உளது. குழு என்று சொல்லுமிடத்து எவரை எண்ணுகின்றோம்? 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், ஆலயத்தினுள்ளே செல்ல விரும்பிய அடியார் தடுக்கப்பட்டதை நினைக்குந்தோறும் நாணுகின்றோம். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் வாயிலைத் திறக்கச் சொல்லியும் மனம் திறவாதாயிற்று. உள்ளே நின்றவர் தம்முள் மிக ஒற்றுமையாகவே இருந்தனர் என்பதே இதில் அச்சந்தருவது. பிறரை விலக்குதலாற் பெறும் ஒற்றுமை விலக்கப்படத்தக்கவர் எவரேனும் இருக்குந்துணையும் நிற்கும்; அவர் இல்லாவிடிற் புதிதாகத் தேடும். வகுப்பறையிலும் இஃது நிகழும். வல்லவரை ஓரணியாகவும் எஞ்சியவரை மற்றோரணியாகவும் வகுத்து, முன்னவரது வெற்றியை எமது திறமை என்று மகிழ்கின்றோம் அன்றோ?

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்து, அதனை நடத்துதற்கு வீடுதோறும் பிடியரிசி தண்டினார் என்பது எம்மாசிரியர் அறிந்ததே. செல்வரிடம் பெரும்பொருள் பெறுதல் வேறு. அடுப்பிலே உலையேற்றும் பெண்ணொருத்தி நாள்தோறும் ஒருபிடி அரிசியை ஒதுக்கிவைத்தல் வேறு. அவ்வொருபிடியினால் அப்பாடசாலை அவளுடையதுமாயிற்று. எம் பாடசாலைகளிலே இற்றைநாளிற் பெற்றாரை அழைத்துக் கட்டணத்தைக் கேட்கின்றோம். கருத்தைக் கேட்பது எத்துணை முறை?

சென்ற தவணையிலே எம் மாணாக்கர் பூந்தோட்டச் சங்கம் ஒன்று அமைக்க விரும்பினர். பின்வாங்கிலே அமர்ந்தேன். அவர் ஒருமணி நேரம் வாதாடி, நான் ஒருபொழுதும் தெரிந்தெடாத ஒரு பையனைத் தலைவனாக்கினர். அவன் முதல்வேலையாக நீர்க்குழாய்க்குத் தொலைவான இடத்திலே பாத்தி வெட்டச் சொன்னான். ஒரு சிறுமி எழுந்து, "தண்ணீர் யார் சுமப்பது?" என்று கேட்டாள். வாய்வரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டு நான் சாளரத்தை நோக்கினேன்.