அஞ்சடி தூரம்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடியில், சுவரோடு சாய்ந்து நின்றால் எதிரே தூண். நடுவில் ஒன்றரை மீட்டர் இருக்கும். சில கடைகளில் குத்துவிளக்கும் அரிசி மூட்டையும் வெளியே வந்து அதிலும் பாதியைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு 1822இல் நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவைப் பார்த்த ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரை போட்ட நடை தொடர்ச்சியாக வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் மலாயா ஊர்களுக்கெல்லாம் பரவி இங்கேயும் வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஏற்பட்ட அளவு. தெருவில் படமெடுக்க எந்த லென்ஸ் என்ற கேள்விக்கு எனக்கு முதலில் பதில் சொன்னது இந்த அளவுதான்.

கணக்கு எளிது. ஒன்றரை மீட்டரில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் அகலம் 1.08 மீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் தலையில் தொடங்கி இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். 35 என்றால் 1.54 மீட்டர்: பூக்கட்டும் அம்மா, அவர் மடி, தட்டு, பக்கத்து முக்காலியில் இருக்கும் பேத்தியின் முழங்கால். 28 என்றால் 1.93. நிற்கும் ஆள் தலையிலிருந்து செருப்புவரை அடங்குவார். ஆனால் ஓரத்தில் வருகிறவர்களின் தோள் இழுபட்டுப் பெரிதாகும், தூண்கள் சாயும்.

50தான் மனிதக் கண்ணுக்கு நெருக்கம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அதற்கு எங்கே மில்லிமீட்டர்? தெருவுக்கு உண்டு.

*

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் மிதக்கும் வெள்ளைக் கோடுகள். கோட்டுக்குள் இருப்பது படம். கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரிகிறது. சைக்கிளில் வருகிறவர் சட்டத்துக்குள் நுழையுமுன்பே அவரைப் பார்த்துவிடலாம். படம் விழும் நொடியில், கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமராக்களில் அந்தக் கண்ணாடி எழும்பி இருட்டும்; இதில் இருட்டு இல்லை.

லைக்கா எம்3 வந்தது 1954இல். அதன் ஜன்னலில் 50, 90, 135 ஆகியவற்றுக்கு மட்டுமே கோடு. 35க்குக் கோடு வேண்டுமென்று கேட்டவர்களுக்காக 1957இல் எம்2 வந்தது. அதில் 35இன் கோடுகள் ஜன்னலின் ஓரத்தை ஒட்டி ஓடும். 50ஐப் போட்டால் கோடு உள்ளே சுருங்கி, சுற்றிலும் நிறைய ஊர் மிஞ்சும். விடப்படுவது அவ்வளவு தெரிவது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அது இடைஞ்சல். வெளியே நிற்பவரைப் பார்த்துவிட்டால் அவரையும் சேர்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குவியம் பார்க்க, நடுவில் உள்ள சிறு கட்டத்தில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்க வேண்டும். செங்குத்தான கோடு ஒன்று கிடைத்தால் வேலை சுலபம். அஞ்சடித் தூண் அதற்கென்றே நட்டதுபோல இருக்கும். தொங்கும் மல்லிகைச் சரங்கள் ஏமாற்றும்: ஒரே மாதிரி மொட்டுகள் வரிசையாக இருப்பதால், தவறான மொட்டின்மேல் தவறான மொட்டு பொருந்தி, எல்லாம் சரி என்று காட்டும். பூவை விட்டு, பூக்கட்டுகிறவரின் மூக்குத்தியைப் பிடிப்பது நல்லது.

*

1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களில் அவரைப் படமெடுத்தார். 14ஆம் தேதி இரவு வானத்தில் ஓர் ஒளி நகர்வதைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தபோது 8:47. ரமணர் அடங்கிய நேரம் அதுவே என்று பிறகு தெரிந்ததாகச் சொன்னார். கையில் லைக்கா. வாழ்நாளில் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 50ஐத்தான்.

ஒற்றை லென்ஸ் என்றாலே அவர் பெயரைச் சொல்லி 50ஐ வாங்குகிறவர்கள் கோலாலம்பூரிலும் உண்டு. ஆசிரமத்தில் அந்த லென்ஸ் பொருந்தியது எனக்குப் புரிகிறது. அங்கே எல்லோரும் ஒரு தூரத்தில் நிற்கிறார்கள். அந்தத் தூரமே வணக்கம். யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் 50ஐ மாட்டினால் நான் சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போகவேண்டும். நடுவே லாரி, மோட்டார் சைக்கிள், இரட்டை வரிசையில் நிறுத்திய கார்கள். கடந்து போனபிறகு நான் வேடிக்கை பார்ப்பவன்.

நியூயார்க்கின் கேரி வினோகிராண்ட் 28ஐ வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தவர். அந்த வேகம் அந்த ஊருக்குச் சரி. இங்கே ஒரு மீட்டருக்குள் வந்து கேமராவைத் தூக்கினால், “என்னா அண்ணே?” என்று கேட்டுவிடுவார்கள். கேட்கவும் வேண்டும்.

35க்குக் கிடைக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில், ஒன்றரையிலிருந்து மூன்று மீட்டர்வரை. குரல் உயர்த்தாமல் பேசலாம். பேசாமல் நின்றால் மரியாதைக் குறைவு. பெரியவர் என்றால் ஐயா, கடைப்பையன் என்றால் தம்பி, பூக்கார அம்மாவுக்கு அக்காவா அம்மாவா என்று ஒரு கணம் யோசனை. “என்னை எடுக்காதீங்க அண்ணே, பூவ எடுங்க” என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு. திருப்பிய முகமும் கட்டிய சரமும் சேர்ந்த படம் நன்றாகவே வரும். அதை எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் பூவை மட்டும் எடுத்துவிட்டு நகர்கிறேன்.

*

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வேறு மாதிரி. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபிறகு, பிரிட்டிஷ் அதிகாரி ஸ்வெட்டன்ஹம் செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைத் திரும்பக் கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வேக்காரர்கள், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயில். 2001இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம். 2010இல் லிட்டில் இந்தியா என்று பெயர்சூட்டிய வளைவுகளும் வண்ணங்களும். அந்த வண்ணங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிம் அவற்றைச் சாம்பலாக்கிவிடுகிறது, நல்லது.

இங்கே தரையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கும், மேலே மேடும் கோடுமாக. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் வெள்ளைக் கம்போடு ஜாலான் துன் சம்பந்தனில் நடப்பது இந்த இடத்தின் அன்றாடம். மசாஜ் நிலையங்களில் வேலை செய்பவர்கள் பலர். இவர்களைப் படமெடுப்பது சுலபம் என்பதுதான் சங்கடம். எவ்வளவு அருகில் போனாலும் பார்வை திரும்பாது. எந்த லென்ஸும் சரி.

ஒரு சாயங்காலம் மோனோரயில் தூணருகே பெரியவர் ஒருவர் கம்பை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். லைக்காவின் துணி ஷட்டர் மெல்லிய ஓசைதான். ஆனால் அவருக்குக் கேட்கும். அதற்கு முன்பே என் குரல் கேட்கட்டும் என்று, “ஐயா, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?” என்றேன்.

“எங்க நிக்கிற தம்பி?”

“உங்களுக்கு முன்னால, ரெண்டு மீட்டர் இருக்கும்.”

“எனக்குப் பின்னால என்னா தெரியுது?”

சட்டத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தூண். சேலைக்கடைக் கண்ணாடி, உள்ளே பொம்மைகள். இடப்பக்கம் பிசாங் கோரெங் பொட்டலத்தோடு ஒரு சீன மாது. மேலே தண்டவாளத்தின் அடிப்பகுதி. அவர் கேட்டுக்கொண்டே சற்றுத் திரும்பி நின்றார், பொம்மைகளுக்கு முதுகு வராதபடி. பிறகு “ம்” என்றார்.

50ஆக இருந்திருந்தால் சொல்ல அவ்வளவு இருந்திருக்காது. முகம், தூணின் ஒரு துண்டு. 28இல் சொல்லிமுடிக்கவே நேரமாகியிருக்கும், அந்த மாதும் போயிருப்பார். அவர் கேட்ட கேள்வியை இப்போது கண் தெரிகிறவர்களுக்கும் மனதுக்குள் வைத்துக்கொள்கிறேன்: பின்னால் என்ன தெரிகிறது என்று இவருக்கு வாயால் சொல்ல முடியுமா? முடியாத அளவு சட்டம் நெரிந்திருந்தால் ஓர் அடி நகர்கிறேன்.

*

வெளிச்சம். மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரைமணி முன்னே போய்விட்டது. காலை ஏழு மணிக்கு விடிந்தும் விடியாமலும் இருக்கும். உச்சிவெயில் ஒன்றேகால் அளவில். கோமூட்டர் ரயிலில் முதல் கூட்டத்தோடு கிள்ளானில் இறங்கினால், பசியாறக் கடை திறந்திருக்கும், தே தாரிக் ஆற்றுபவரின் கை மட்டும் விளக்கில் தெரியும். மதியம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். முகத்தில் கண்குழி கறுத்துப்போகும். அப்போது அஞ்சடிக்குள்தான் வேலை. 400 ஃபிலிமுக்கு வெயிலில் எஃப்/16, 1/500 என்றால் உள்ளே எஃப்/5.6, 1/125. ஐந்து படி வித்தியாசம். தூணுக்கு வெளியே இருப்பது வெளுத்துப்போகட்டும்.

திறந்த நிழலில் எஃப்/8இல் 35ஐ மூன்று மீட்டருக்கு வைத்துவிட்டால் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர்வரை தெளிவு. அதே எஃப்/8, அதே மூன்று மீட்டரில் 50க்குக் கிடைப்பது 2.3இலிருந்து 4.2வரை. கட்டத்தில் உருவத்தைப் பொருத்திக்கொண்டிராமல் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச, அந்தக் கூடுதல் இடம் உதவுகிறது.

*

இந்த ஊரில் ஒற்றை லென்ஸுக்கு வேறொரு காரணமும் உண்டு: பூஞ்சை. ஆண்டு முழுக்க ஈரம். அலமாரியில் தோல் உறைக்குள் பத்திரமாக மூடிவைத்த லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்திவலை போல வேர்விடும். தினமும் வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸ் பெரும்பாலும் தப்பிக்கும். ஈரம் உறிஞ்சும் பெட்டி வாங்கி 40, 50 சதவீதத்தில் வைத்துப் பாதுகாக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான்கைந்து லென்ஸைப் பெட்டிக்குள் வைத்து மின்சாரம் கொடுத்துப் பராமரிப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

*

லென்ஸில் தெரிவே இல்லாத கேமராக்களும் இருந்தன. 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35இல் 45 மி.மீ. லென்ஸ் உடம்போடு பிணைந்தது, கழற்ற முடியாது. 1972இன் கேனனெட்டில் 40. இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டர்தான். தோட்டத்துக் குடும்பங்களின் ஆல்பங்களில் காதுகுத்தும் கல்யாணமும் திருவிழாவும் இப்படிப்பட்ட கேமராக்களில் விழுந்தவை. எடுத்தவர் ஒரு சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். மூன்று மீட்டரில் நின்று “எல்லாம் இங்க பாருங்க” என்பார்; பார்ப்பார்கள். குழந்தையின் தலையைத் திருப்பிவிட ஒரு கை நீளும். 45இன் சட்டத்துக்குள் அடங்கும்வரை கூட்டம் தானாகவே நெருங்கிக்கொள்ளும்.

யாரும் லென்ஸைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். நிற்கும் இடத்தை உறவு முன்பே கொடுத்துவிட்டது. கிள்ளான் கடைத்தெருவில் நான் யாருக்கும் சித்தப்பா இல்லை. எனக்காக யாரும் நெருங்கி நிற்கப்போவதில்லை. போய்ப் பேசவேண்டியது நான்தான். அதனால் 35.