ஒரே கோர்வை

ஆரணியில் எங்கள் தெரு விடியும்போதே தறிச் சத்தம் தொடங்கிவிடும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனை நீட்டி, "அண்ணே, இதைப் படிங்க" என்றான். சென்னையில் மென்பொருள் வேலைக்கு நான்கு சுற்று நேர்காணல் போய் வந்தவன். வேலை கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர்களின் கருத்துகள் வந்திருந்தன. ஒருவர், நிதானமாக யோசிக்கிறார், கோடிங் சுத்தம் என்கிறார். இன்னொருவர், பாதியிலேயே நின்றுவிட்டார், வேகம் போதாது என்கிறார்.

"எதைண்ணே நம்புறது?"

அவன் அப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். முடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை விரித்து, உடலும் கரையும் சேரும் கோர்வையைக் காட்டினார். முன்பக்கம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. திருப்பினால், இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்த தடிப்பு விரலில் தட்டியது. "ரெண்டும் ஒரே கோர்வைதான்டா" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. "கேள்வி கேட்டதும் என்னப்பா செஞ்ச?" என்றேன்.

"பேசாம யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அந்த மௌனம்தான் ஒருவருக்கு நிதானம், இன்னொருவருக்குத் திணறல். இருவருமே பொய் சொல்லவில்லை. மனசுக்குள் ஓடியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் நினைவுக்கு வந்தார். 2015இல் மேக்ஸ் ஹோவல் என்பவரைக் கூகுள் வேலைக்கு எடுக்கவில்லை. ஹோம்பிரூ என்ற மென்பொருள் கருவியை எழுதியவர் அவர். கூகுள் பொறியாளர்களே அதைப் பயன்படுத்துகிறார்களே என்று கொதித்துப்போய் ட்விட்டரில் எழுதினார். கோபம் தணிந்த பிறகு, கணினி அறிவியலில் தனக்குக் குறை உண்டு, பழகுவதற்கும் கடினமான ஆள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நல்ல கருவிகளைச் செய்யத் தெரியும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. குறையை ஏற்ற கையோடு நிறையையும் பிடித்துக்கொண்ட அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பிள்ளைகள் பத்துப் பாராட்டை மறந்து, ஒரு குறையோடு ராத்திரியெல்லாம் புரள்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

இப்போது அந்தப் பையன் சாயங்காலம் ராட்டை அருகில் உட்கார்ந்து, கோடிங் கணக்கை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போடுகிறான். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே அம்மா கேட்கிறார். அவருக்குக் கோடிங் ஒன்றும் தெரியாது. அவன் நிறுத்தினால் மட்டும், "அப்புறம்?" என்கிறார்.