விலை போகாத வீடு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதையொட்டி மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அம்மா சொந்தக் காசில் வாங்கிய மனையில் கட்டிய எங்கள் வீடு மட்டும் முதல் தடவை விலை போகவில்லை. வந்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், பத்திரத்தைப் புரட்டினார்கள். கடைசியில், "இது காலனிங்களா?" "வீட்ல கலந்துகிட்டுச் சொல்றோம்." அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை புரோக்கர் சொன்னார்: "வாசல்ல இருக்கிற அம்பேத்கர் படத்தக் கழட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கழட்டலாமா? பேரை மறைத்து வாடகைக்கு ரூம் பிடிக்கிற நம் பிள்ளைகளை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்ல வைக்கிற கேள்விதான் குற்றவாளி.

1892 ஆணைப்படி நமக்கு வந்த பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது. அதை மீறி வளைத்துப்போட்டவர்களுக்கு அப்போது தீட்டுப் படவில்லை. நம் நிலம் இனிக்கிறது. நாம் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதுதான் கசக்கிறது.

'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். "நீங்க என்ன ஆளுங்க?" எப்போது போகும்?

அம்மா கேட்டாள்: "படம் உங்கப்பன் மாட்டுனது. அதக் கழட்டிட்டு வித்தா, வித்தது வீட்டயா, அவரயா?"

படம் வாசலிலேயே இருந்தது. நம்மவர் ஒருவரே, தன்னால் முடிந்த விலைக்கு வாங்கினார்.

தோழர்களே, குறைந்துபோன அந்தத் தொகையை யார் கணக்கில் எழுதுவது?