ஜெயிலரின் கண்கள்

ஆறு கொலைக் கைதிகள், ஒரு ஜெயிலர், ஒரு தரிசு நிலம். வி. சாந்தாராம் 1957இல் எடுத்த ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ படத்துக்கு இவ்வளவு போதுமாயிருந்தது. அறுவரையும் சிறைக்கு வெளியே அழைத்துப்போகும் ஆதிநாத் விலங்கு மாட்டுவதில்லை, காவலுக்கு ஆள் வைப்பதுமில்லை. கைதிகளைக் கட்டிப்போடுவது அவருடைய கண்கள். ஓடிவிடலாம் என்று கால் நகர்ந்தால் அந்தக் கண்கள் நினைவில் வந்து நிற்கும். திரும்பிவந்து மண்வெட்டியை எடுப்பார்கள். படம் 1958இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கியது.

தமிழில் அதுவே 1975இல் ‘பல்லாண்டு வாழ்க’ ஆயிற்று. ஜெயிலர் எம்.ஜி.ஆர். கைதிகளோ நம்பியார், பி.எஸ். வீரப்பா, ஆர்.எஸ். மனோகர் என்று தமிழ்த் திரையின் வில்லன் பட்டாளம். அதுவரை படத்துக்குப் படம் அவரிடம் உதை வாங்கியவர்கள், இந்த ஒரு படத்தில் அவர் பார்வையாலேயே திருந்தினார்கள்.

அதே 1975இல் பாரிசில் ஒரு புத்தகம் வெளிவந்தது. சிறை பிறந்த கதையைச் சொல்லும் அந்த நூலில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷல் ஃபூக்கோ, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜெரமி பெந்தாம் போட்ட ஒரு வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்தார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. எந்நேரமும் யாரோ பார்ப்பதாக எண்ணி, அவன் தனக்குத் தானே காவலனாகிவிடுவான்.

அப்படியானால் ஆதிநாத்தின் கண்களும் அந்தக் கோபுரம்தானா? சாமி பார்க்கிறது என்று அஞ்சித் திருடாதவன் நல்லவனா, பயந்தவனா? பக்தி நூல்களையும் நீதி நூல்களையும் விடாது துரத்தும் கேள்வி இது. படம் அதைத் தொட்டுவிட்டு, பாட்டுக்குப் போய்விடுகிறது.

கதையின் வேர் இன்னும் சுவையானது. மராத்திய நாட்டுச் சிற்றரசான அவுந்தில், சுவரில்லாத கைதிகள் குடியிருப்பு ஒன்று உருவானது. பெயர் சுவதந்திரபூர். அந்த யோசனையைச் சொன்னவர் போலந்துப் பொறியாளர் மோரிஸ் ஃப்ரீட்மன். திருவண்ணாமலையில் ரமணர் முன் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டவர் அவர். ‘நான் யார்’ என்ற விசாரணையில் ஊறிய ஒருவருக்கு, ஒரு மனிதனும் அவன் செய்த குற்றமும் ஒன்றே என்று தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

தமிழுக்கு இது பழைய செய்தி. மணிமேகலை புகாரின் சிறைக்குள் நுழைந்து அமுதசுரபியால் பசி ஆற்றுகிறாள். என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள், அவனும் ஆக்குகிறான். அவள் யாரையும் கண்ணால் கட்டவில்லை. சோறுதான் போட்டாள்.

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர் திறந்தவெளிச் சிறை அந்த வழியில் போகிறது. 1963இல் தொடங்கிய அந்த முகாமில் தண்டனைக் கைதிகள் மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போய், மாலையில் ஆஜர் எடுக்கும் நேரத்துக்குள் திரும்புகிறார்கள். அவர்களைத் திரும்ப வைப்பதற்கு மகானின் பார்வை வேண்டியதில்லை. உலை கொதிக்கும் ஒரு வீடு இருக்கிறது.

ஆனால் திருந்துவதைப் பற்றிய இந்தக் கதைகளெல்லாம் ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன: உள்ளே இருப்பவன் குற்றவாளி. வெற்றிமாறனின் ‘விசாரணை’ அங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தாம் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். அதிலிருந்து பிறந்த படத்தில், பூங்காவில் படுத்துறங்கும் கூலித் தொழிலாளிகளைப் பிடித்துவந்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். இவர்களிடம் எதைத் திருத்துவது? ஆதிநாத்தே வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

மணிமேகலையின் கதையும் அறக்கோட்டத்தோடு முடியவில்லை. சோழ இளவரசன் உதயகுமாரன் வெட்டுண்டு இறக்கிறான், வெட்டியவன் காஞ்சனன். சிறைப்பட்டவளோ மணிமேகலை. சிறையை ஒழித்தவளே செய்யாத கொலையின் பேரால் உள்ளே போனாள் என்பதைச் சாத்தனார் ஒரு காதையாகவே பாடிவைத்திருக்கிறார்.

கொலை செய்தவனையும் நம்பலாம் என்று சாந்தாராம் சொன்னார். குற்றம் நிரூபணமாகும்வரை எவரையும் நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்பது அதைவிட எளிய நம்பிக்கை, சட்டமே கேட்பது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.