தண்டவாளம் பார்த்த தாத்தா

(கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறன்று பங்கு மக்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 2 நெருங்கிவிட்டது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்தாயிற்று, பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் சொல்லியாயிற்று. இன்றைக்குத் தாத்தாக்களைப் பற்றிப் பேசப்போகிறேன். பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பற்றிப் பேச உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; தாத்தாக்களுக்குத்தான் ஆள் குறைவு.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து மலைகளுக்கு நடுவே ஆல்டூனா என்று ஓர் ஊர். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி 1849-ல் தன் வேலைக்கென்றே உண்டாக்கிய ஊர். நான் சில காலம் அங்கே ஆலயப் பணியில் இருந்தேன். அப்போது ஐரிஷ் வம்சாவளிப் பெரியவர் ஒருவரை அடக்கம் செய்தோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தாத்தா வேடிக்கையாகப் பேசுவார், ஆற்றுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போவார், பூசை முடிந்ததும் டோனட் வாங்கித் தருவார் என்றெல்லாம் சொல்லி அழுதார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை எங்கே, எதைச் செய்து கழித்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. "ரயில்வேயில் இருந்தார்" என்ற இரண்டு வார்த்தையோடு அது முடிந்துபோனது.

அடக்கம் முடிந்து பங்கு மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவரோடு வேலை பார்த்த இன்னொரு முதியவர்தான் எனக்குச் சொன்னார். இறந்தவர் தண்டவாளம் பார்க்கிறவர். நம் ஊரில் கீமேன், கேங்மேன் என்கிறோமே, அந்த வேலை. ஆல்டூனாவுக்கு மேற்கே குதிரை லாட வடிவில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. மலையை நேராக ஏற முடியாத ரயில், அந்த இடத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றித் திரும்பி ஏறுகிறது. 1854-ல் திறந்தார்கள், இன்றும் சரக்கு வண்டிகள் அதில்தான் போகின்றன. கனத்த வண்டியாக இருந்தால் பின்னாலிருந்து தள்ளவும் எஞ்சின் போடுவார்கள். 1942-ல் ஹிட்லரின் ஆட்கள் அமெரிக்காவுக்குள் நாசவேலை செய்யத் திட்டம் போட்டபோது, தகர்க்க வேண்டிய இடங்களில் இந்த வளைவும் ஒன்று.

அந்த வளைவில் நடந்து நடந்து பார்ப்பதுதான் இவருடைய வேலை. உறைபனிக் காலத்தில் இரும்பு சுருங்கி விறைத்து நிற்கும். எங்கேயாவது மயிரிழை அளவு கீறல் இருந்தால், அந்த இடத்தில் தண்டவாளம் தெறித்துவிடும். கோடையில் அதே இரும்பு நீண்டு, பக்கவாட்டில் நெளியும். பனி கொட்டினால் தண்டவாளம் பிரிகிற பாயிண்டில் உறைந்துவிடும். வண்டியைத் தடம் மாற்ற முடியாது. அதனால் நள்ளிரவிலும் ஆள் போய்ப் பனியைத் தள்ளியாக வேண்டும். தளர்ந்த போல்ட்டை முறுக்க வேண்டும், மட்கிய ஸ்லீப்பர் கட்டையைக் குறித்து வைக்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. வண்டி வரும், போகும். உள்ளே படுத்திருக்கிறவன் புரண்டு படுப்பான். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை அது. அப்படிப்பட்ட வேலையைச் சொல்லிக் காட்டுவதற்குக் கதை ஏது? பேரப்பிள்ளைகளிடம் அவர் சொல்லாமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அவர் சேர்ந்தபோது கம்பெனி பென்சில்வேனியா ரயில்ரோடு. 1968-ல் அது பென் சென்ட்ரல் ஆனது. இரண்டே ஆண்டில், 1970-ல், அது திவால். 1976-ல் கான்ரெயில் வந்தது. பெயர்ப்பலகை மாறியது, முதலாளிகள் மாறினார்கள்; திவாலான இரவிலும் தண்டவாளத்தை யாரோ ஒருவர் நடந்து பார்த்தார்.

அந்த வளைவை வெட்டியவர்களும் பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள்தான். மண்வெட்டியும் பிக்காசும்தான் முக்கியக் கருவிகள். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறினார்கள். பிள்ளை கப்பலேறுவதற்கு முந்தின இரவு, வீட்டில் பிணத்தைச் சுற்றி விழித்திருப்பதுபோல ஊரே கூடி விடியவிடிய விழித்திருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. உயிரோடு இருக்கிற மகனுக்கு இழவுச் சடங்கு! திரும்பி வரமாட்டான் என்று தாய்க்குத் தெரியும். அப்படிக் கண்ணீரோடு அனுப்பப்பட்டவர்கள்தான் அமெரிக்க மலைகளில் பாறை உடைத்தார்கள்.

பஞ்சத்துக்கு முன்பு போனவர்களின் கதை இன்னும் கொடியது. 1832 கோடையில், பிலடெல்பியாவுக்கு மேற்கே மால்வெர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்காக மேடு கட்டிக்கொண்டிருந்த 57 ஐரிஷ் தொழிலாளர்கள் சில வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். காலரா. பெயர் கூடக் குறிக்காமல், அவர்கள் கட்டிய மேட்டின் பக்கத்திலேயே புதைத்துவிட்டார்கள். நூற்று எழுபது வருஷம் அப்படியே போனது.

எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஒரு தாத்தாவால். ரயில்வே கம்பெனித் தலைவரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஒருவர், அந்தச் சாவுகளைப் பற்றிய பழைய கோப்பைத் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பேரன்கள், பில் வாட்சன், ஃபிராங்க் வாட்சன் என்ற இரட்டையர்கள். ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர், மற்றவர் லூத்தரன் போதகர். தாத்தா விட்டுப்போன காகிதங்களைப் படித்தார்கள், தோண்டினார்கள். 2009-ல் எலும்புகள் கிடைத்தன. சில மண்டையோடுகளில் அடித்த அடையாளம் இருந்தது. நோய் பரவும் என்ற பயத்தில் மனிதரே கொன்றிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிடைத்தவர்களில் ஒருவன் 18 வயதுப் பையன். பிறவியிலேயே ஒரு கடைவாய்ப்பல் இல்லாததை வைத்து இன்னார் என்று கணித்து, 2013-ல் அவனை அயர்லாந்தில் டொனிகால் மண்ணுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்தக் கோப்பை வேண்டாத காகிதம் என்று தாத்தா எறிந்திருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் ரயில் மேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்திருப்பான்.

ஆகவே நினைவு என்பது நம் மனத்துக்கு இதமாக இருப்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது அல்ல. இறந்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய நீதி அது. தாத்தாவின் பாசத்தை நினைப்பது எளிது, ஏனென்றால் அது நமக்குக் கிடைத்தது. அவருடைய உழைப்பு ஊருக்குக் கிடைத்தது. அதை நினைக்கத்தான் நாம் சிரமப்பட வேண்டும்.

புனித சூசையப்பரைப் பாருங்கள். அவர் பேசியதாக நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தை கூட இல்லை. அவர் எப்போது இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள், அதுவும் இல்லை. ஆனால் அவர் தச்சர் என்பது இருக்கிறது. நாசரேத்து ஊரார் இயேசுவை மட்டம்தட்டுவதற்காகத்தான் தச்சர் மகன் என்றார்கள். நற்செய்தியாளர் அதை மறைக்கவில்லை, மெருகேற்றவும் இல்லை. அப்படியே எழுதி வைத்தார். 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே 1-ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கியதும் அந்த உளியையும் ரம்பத்தையும் நினைத்துத்தான். கடவுளின் மகனை வளர்த்தவரைத் திருச்சபை அவருடைய வேலையோடு சேர்த்தே நினைக்கிறது என்றால், நம் வீட்டுப் பெரியவர்களை நாம் ஏன் வேலையிலிருந்து பிரித்து நினைக்க வேண்டும்?

ஆல்டூனாப் பெரியவர் வீட்டில் செபமாலை சொல்லும்போது, பழைய ஐரிஷ் வழக்கப்படி நாற்காலியைத் திருப்பிப்போட்டு, இருக்கையில் முழங்கையை ஊன்றி மண்டியிடுவார்களாம். செபமாலை முடிந்ததும் செத்தவர்களுக்கான சில்லறைச் செபங்கள் வரிசையாக வருமாம். செபமாலையைவிட அதுதான் நீளம் என்று அவர் மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது சொன்னது அது. ஐரிஷ்காரர்களும் நம்மைப் போலவே முப்பதாம் நாள் பூசை வைக்கிறவர்கள். அந்தப் பூசைக்கு முன்பு, பேரப்பிள்ளைகளை அந்த வளைவுக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். போனார்கள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

திருநாள் பூசைக்கு இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுப்பீர்கள். இந்த வருஷம் பெயருக்குப் பக்கத்தில் அவர் செய்த வேலையையும் எழுதுங்கள். கொத்தனார், லாரி ஓட்டுநர், நாற்று நட்டவர், ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர், எதுவானாலும் எழுதுங்கள். என்ன வேலை என்று தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்க அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எத்தனை பக்கமானாலும் பீடத்தில் நின்று நானே வாசிக்கிறேன்.