இடைவேளையும் ஓர் அமானிதமே!



நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ எங்கே வந்தது? மக்காவின் கடைத்தெருவிலா? கஃபாவின் முற்றத்திலா? இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மலைமேல், ஹிராக் குகையின் தனிமையில் வந்தது. ஓதும்படியான முதல் கட்டளை அந்த அமைதியில்தான் இறங்கிற்று. ஓதுவதற்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்பது அன்றே விளங்கிவிட்டது.

எங்கள் மஹல்லாவுக்கு அருகில் ஒரு கல்லூரி உண்டு. ஒருநாள் ளுஹர் ஜமாஅத் முடிந்து அரைமணி கழிந்திருக்கும். பின் சஃப்பில் தூணோரமாக ஒரு மாணவர் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். மோதினார் சாவியுடன் நின்றார். நான்தான் சொன்னேன்: “தம்பி, பள்ளியைப் பூட்டவேண்டும். வேறெங்காவது போய்ப் படியுங்கள்.”

அவர் மறுக்கவில்லை. எழுந்து சொன்னார்: “ஹஜ்ரத், வீட்டில் ஒரே அறை; ஆறு பேர் இருக்கிறோம். கல்லூரி நூலகத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டிலிருந்து மூன்று மணி வரை எனக்கு வகுப்பில்லை. அந்த ஒரு மணிதான் நான் படிக்கிற நேரம்.” செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். கதவு பூட்டப்பட்டது. அஸர் வரை அந்தப் பள்ளியில் யாருமில்லை. எதற்காக அவரை எழுப்பினோம் என்று என் மனமே என்னைக் கேட்டது.

மதீனாப் பள்ளியின் ஒரு பகுதியில் திண்ணைத் தோழர்கள் தங்கியிருந்தார்கள். வீடு வாசலற்ற அந்த ஏழைகளில் ஒருவரே அபூஹுரைரா (ரலி) அவர்கள். அந்தத் திண்ணை பூட்டப்பட்டிருந்தால் அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? பாத்திமா அல் ஃபிஹ்ரீ என்னும் சீமாட்டி 859-ல் ஃபாஸ் நகரில் கட்டியதாக வரலாறு சொல்லும் கரவிய்யீன், கெய்ரோவில் 970-ல் கட்டத் தொடங்கிய அல்அஸ்ஹர் - இரண்டும் பள்ளிவாசல்களே. அஸ்ஹரின் தூணோரங்களில் ஆசிரியர்கள் வகுப்பு நடத்தினார்கள்.

“கணக்கும் ரசாயனமும் பள்ளிக்குள்ளா?” என்று சிலர் கேட்கலாம். பயனுள்ள கல்வியை நல்ல நிய்யத்துடன், தொழுவோருக்கு இடையூறின்றிப் படிப்பதில் குற்றமில்லை. நுழையும்போதே இஃதிகாஃப் நிய்யத்தும் வைத்துக்கொண்டால் இருக்கும் நேரமெல்லாம் இபாதத்தாகும்.

மாணவத் தம்பிகளே! உங்களுக்கும் கடமை உண்டு. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பலர் ஏமாந்துவிடும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. வகுப்புகளுக்கிடையே கிடைக்கும் ஒரு மணி நேரம் அத்தகைய ஓய்வுதான். அமைதியான மூலையைத் தேடி அலைவதற்குள் பாதி நேரம் போய்விடும். காலையிலேயே இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நூலகத்தில் வாசலோர மேசையை விட்டு உள்ளே செல்லுங்கள். ஆளில்லாத வகுப்பறையானால் அனுமதி கேளுங்கள். மரநிழலும் போதும். படிக்கட்டில் உட்கார்ந்தால் பாதையின் உரிமையைக் கொடுங்கள்: பார்வையைத் தாழ்த்துங்கள், வழியை அடைக்காதீர்கள், ஸலாமுக்குப் பதில் சொல்லுங்கள். அமைதி வேறு, அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கும் மறைவிடம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். கைப்பேசியை அணைக்காதவனுக்கு ஹிராக் குகையே கிடைத்தாலும் அது கடைத்தெருதான்.

அமைதியைத் தேடுபவன் பிறர் அமைதியைக் கெடுக்கலாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாஃபில் இருந்தபோது சிலர் உரத்த குரலில் ஓதினார்கள். அவர்கள் திரையை விலக்கி, ஒருவரையொருவர் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று தடுத்தார்கள். குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த வரம்பென்றால், நம் அரட்டைக்கு என்ன வரம்பு? உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவரிடத்தில் அமர்வதையும் தடுத்தார்கள். பையை வைத்து இடம் பிடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர் இதைச் சற்றே சிந்திக்கட்டும்.

பெற்றோர்களே! உங்கள் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் கடைக்கும் அடுப்படிக்கும் ஏவாமல், ஒரு மணி நேரம் அவளை அவள் புத்தகத்தோடு விடுங்கள். அந்நேரம் டி.வி.யும் ஓயட்டும்.

முத்தவல்லிகளே! பொருள்கள் களவு போகும் என்ற அச்சம் நியாயமானதே. முழுப் பள்ளியையும் திறக்கச் சொல்லவில்லை. மறுவாரம் எங்கள் ஜமாஅத்தாரிடம் பேசினேன். ஹவுளுக்குப் பக்கத்து வராந்தாவை அஸர் வரை திறந்துவைக்கச் சம்மதித்தார்கள். ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, செலவு அவ்வளவுதான். பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரஸாவின் அறை பகலில் காலியாகத்தானே இருக்கிறது? அதையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது நாள்தோறும் நாலைந்து பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். நான் எழுப்பி அனுப்பிய அந்தத் தம்பி மட்டும் இதுவரை வரவில்லை. ளுஹருக்குப் பிறகு தினமும் வாசலைப் பார்க்கிறேன். அவரைப் போன்ற ஒருவர் உங்கள் மஹல்லாவிலும் வெயிலில் நிற்கக்கூடும். அவருக்காகக் கதவைத் திறந்துவையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பள்ளிகளை இல்மின் இல்லங்களாக ஆக்கியருள்வானாக! நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.