உடற்கூறும் உண்மைக் காட்சியும்



பகவன் புத்தர் அருளிய தியான முறைகளுள் ஒன்று காயகதாசதி. உடலின்மேல் நினைவை நிறுத்துதல் என்பது அதன் பொருள். உடம்பின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுவதே அம்முறை. சதிபட்டான சுத்தம் 31 கூறுகளைச் சொல்லும். குத்தகபாடத்தில் மூளையும் சேர்ந்து 32 ஆகும்.

இதனை யாம் விளக்குங்கால், இளைஞர் சிலர் வினவுவதுண்டு: “அழுக்குடையோர், தீண்டத்தகாதோர் என்று தலைமுறை தலைமுறையாக நம்மை இழித்தனர். இனி நாமே நம் உடலை அழுக்கென்று எண்ணவேண்டுமா?” நேர்மையான வினா. விடை அக்கூறுகளிலேயே உளது.

தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தே சாமணேரருக்கு முதற்பாடம். பிறரிடத்தில் நம் கண் காண்பன இவையே. அழகு, அருவருப்பு, உயர்வு, தாழ்வு எல்லாம் இவற்றின்மேல் எழுவனவே. ஆதலின் தம்மம் நம்மைத் தோலுக்கு உள்ளே அழைத்துச் செல்கின்றது.

யாம் பஞ்சாலையில் தறிமுன் நின்ற காலத்தில் பாவு, ஊடை, நாடா, அச்சு என்னும் பெயர்களையே முதலிற் கற்றோம். பெயரறியாதான் பழுதை எடுத்துரைக்கவும் அறியான். உடலும் அத்தகையதே. ‘ஈரல்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் வயிற்றின் வலப்பக்கத்து மேற்புறம் இருந்து பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். இடப்பக்கத்தில் இருந்து முதிர்ந்த செவ்வணுக்களை அழிப்பது மண்ணீரல். பிராணவாயுவை ஏற்றுக் கரியமிலவாயுவை நீக்குவது நுரையீரல். அது வலப்புறம் மூன்று மடல், இடப்புறம் இரண்டு மடல் உடையது. மூன்றையும் பிரித்தறிந்தவன் மருத்துவரிடம் தன் நோயைத் தெளிவாக உரைப்பான், மந்திரக்காரனிடம் ஏமாறான்.

வளர்ந்தவர்க்கு எலும்புகள் 206. எலும்பினுள் இருக்கும் மச்சையில் பிறக்கும் செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிகின்றது. இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. சிறுநீரகங்கள் இரண்டும் நாள்தோறும் 180 லிட்டர் அளவு நீரை வடித்து, பெரும்பகுதியை உடலுக்கே மீட்டளித்து, ஒன்றரை லிட்டர் அளவே வெளியேற்றுகின்றன. கணந்தோறும் பிறப்பு, கணந்தோறும் இறப்பு. அநித்தியம் என்பது ஏட்டில் மட்டும் இல்லை. நம் எலும்பினுள்ளேயே நிகழ்கின்றது.

இனி அவ்வினாவுக்கு வருவோம். சளி, சீழ், வியர்வை, உமிழ்நீர், மலம், மூத்திரம் ஆகியவை 32 கூறுகளுள் அடங்கும். இவை எவர் உடலில் இல்லை? அசுபம் என்று தம்மம் கூறுவது மாந்தர் அனைவர் உடலையுமேயன்றி, ஒரு குலத்தார் உடலை அன்று. தன் உடல் தூய்மை, பிறனுடல் தீட்டு என்பவன் தன் குடலை மறந்தவனாவான். ஆகவே இத்தியானம் நமக்கு இழிவாகாது. பிறப்பால் தூயோம் என்பாரின் செருக்கையே அது அறுக்கும்.

வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் பார்ப்பன இளைஞர் இருவர் பிறப்பா, ஒழுக்கமா மேலது என வாதிட்டுப் பகவனை அணுகினர். புல், பூச்சி, விலங்கு, மீன், பறவை ஆகியவற்றில் பிறப்பாலான வேற்றுமைக் குறிகள் உள. மக்களின் கண், காது, மூக்கு, கை, கால் ஆகியவற்றில் அத்தகைய குறி இல்லை என்று பகவன் விளக்கினார்.

அறிவியலும் இதற்கே சான்று. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்தப் பிரிவுகளைக் கண்டு வெளியிட்டார். இன்று ஏ, பி, ஏபி, ஓ என நான்கு பிரிவுகளை அறிவோம். இவை நால்வருணம் அல்ல. உடன்பிறந்தோர் இருவரின் பிரிவு வேறாகலாம். ஓதுவார் மகனுக்கும் தோட்டி மகனுக்கும் ஒன்றாகலாம். உயிர் ஊசலாடுங்கால் மருத்துவர் இரத்தத்தின் பிரிவைச் சோதிப்பர்; குலத்தை வினவார்.

எனவே, அன்பர்களே, மாலைதோறும் மக்களை அருகிருத்தி 32 பெயர்களையும் தமிழில் சொல்லப் பழக்குங்கள். உடல்நலமுடையோர் மருத்துவர் ஒப்புதலுடன் இரத்ததானம் செய்யுங்கள். அத்தானம் எவர் நாளத்தில் ஓடும் என்பதை நாம் அறியோம். நம்மைத் தொட அஞ்சியவர் நாளத்திலும் ஓடலாம். பெறுவோன் பெயரறியாது ஈவதே நற்றானம்.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக.

சாது! சாது! சாது!